கோழி தேடித் தின்றதும் நாம் தேடித் தர வேண்டியதும்

பஞ்சாரத்தைத் தூக்கியதும் வெளியே ஓடும் நாட்டுக்கோழியின் பின்னாலேயே ஒரு நாள் முழுக்க நடந்து பார்த்தால், அதன் சாப்பாட்டுப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். களத்தில் சிந்திய நெல், குப்பைமேட்டுப் புழு, சாணத்தைக் கிளறி எடுக்கும் வண்டுப்புழு, வேலியோரக் கீரை, மழைக்குப் பிறகு கிளம்பும் ஈசல், உளுத்த கட்டைக்கு அடியில் கரையான், மரத்தடியில் உதிர்ந்த பழம், சுவரோரம் பெயர்ந்த சுண்ணாம்புக் காரை, குறுமணல், பாத்திரம் கழுவிய இடத்தில் கிடக்கும் சோற்றுப் பருக்கை. மாவுச்சத்து, புரதம், சுண்ணாம்புச்சத்து, உயிர்ச்சத்து என்று தனித்தனியாக யாரும் அதற்கு எடுத்துக் கொடுத்ததில்லை. காலையிலிருந்து பொழுது சாயும் வரை அது தானே நடந்து, தானே கிளறி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்காரர் இறைத்தது ஒரு கைப்பிடி குருணையோ கம்போதான்.

இன்று நிலைமை வேறு. தென்னந்தோப்பில் வலை கட்டி 50, 100 என்று நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். வலைக்குள் விட்ட சில வாரங்களில் கோழிகள் அந்த இடத்தின் புல்லையும் பூச்சியையும் தின்று தீர்த்து, தரையை வெறும் மண்ணாக்கிவிடும். கோழி நாட்டுக்கோழிதான், மேய்ச்சல்தான் போய்விட்டது. இழந்த அந்த மேய்ச்சலை ஈடுகட்டுவதே இயற்கைத் தீவனத்தின் முதல் வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எதைத் தவிர்ப்பது என்ற கேள்விகளுக்கு விடை எளிதாகக் கிடைக்கும்.

இந்தக் கேள்விகள் சிலருக்கு மட்டும் உரியவை அல்ல. 2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கோழியினம் 85 கோடிக்கும் மேல். அதில் சுமார் 31.7 கோடி புறக்கடையில் வளர்பவை. முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் புறக்கடைக் கோழிகள் ஏறக்குறைய 46 சதவீதம் கூடியிருந்தன. மொத்தக் கோழியினத்தில் மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, சுமார் 12 கோடி.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்வோம்

நாமக்கல் பண்ணைகளில் உள்ள வெள்ளை முட்டைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும். சிறுவிடை போன்ற நாட்டுக்கோழி 60 முதல் 80 வரை இடலாம். சண்டைக்கு வளர்க்கும் அசில் இனத்தில் இன்னும் குறைவு. நாட்டுக்கோழி ஒரு பருவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடைகாத்து, பொரித்த குஞ்சுகளை இரண்டு மூன்று மாதம் கூட்டிக்கொண்டு திரியும். அதுவரை அடுத்த முட்டை இல்லை. இது அதன் இனத்தின் இயல்பு. எந்த மூலிகைச் சாறும் எந்தப் புட்டித் திரவமும் இதை 300 முட்டைக் கோழியாக மாற்றாது.

நல்ல தீவனத்தால் நடப்பது வேறு. பொரித்த குஞ்சுகளில் அதிகம் பிழைக்கும். விற்கும் எடைக்குச் சீக்கிரம் வரும். தோல்முட்டை குறையும். பருவத்துக்குப் பருவம் இடைவெளி குறுகும். புறக்கடையில் பெரிய இழப்பு முதல் எட்டு வாரக் குஞ்சுகளில்தான் நேர்கிறது. ஆகவே கையில் இருக்கும் நல்ல தீவனம் முதலில் போய்ச் சேர வேண்டிய இடமும் அதுவே. இதற்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு. குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுப் பின்னிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதற்குள் குஞ்சுத் தீவனத்தை வைத்தால், தாய்க்கோழியும் சேவலும் எட்டிப் பார்க்கலாம், கொத்த முடியாது.

பல் இல்லாத பறவையின் அரைவை

கோழிக்குப் பல் கிடையாது. தின்றது முதலில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் தங்கி ஊறும். பிறகு சுரப்பிகள் நிறைந்த இரைப்பையைக் கடந்து, கெட்டியான தசையால் ஆன அரைவைப்பைக்குப் போகும். கோழி விழுங்கி வைத்திருக்கும் சிறு கற்கள் அங்கே அம்மிக்குழவியின் வேலையைச் செய்கின்றன. மேய்ச்சலில் விட்ட கோழிக்குக் கல் கொடுக்க வேண்டியதில்லை. சிமெண்ட் தரையிலோ வலைத்தட்டிலோ வளரும் கோழிக்கு முழுத்தானியமும் கீரையும் கொடுப்பவர்கள், குறுணைக் கல்லையும் ஒரு தட்டில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தின்றது சரியாக அரைபடாமல் எச்சத்தில் போகும்.

சுவையைப் பொறுத்தவரையில் கோழியின் உலகம் வேறு. மனித நாக்கில் சுவை மொட்டுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கோழிக்குச் சில நூறுதான். மிளகாயின் எரிப்புப் பொருளைப் பாலூட்டிகளின் நரம்பு உணர்வதுபோலப் பறவைகளின் நரம்பு உணர்வதில்லை. அதனால்தான் காய்ந்த மிளகாய் விதையைக் கோழி சர்வசாதாரணமாகக் கொத்துகிறது. ஆனால் கசப்பு அதற்குத் தெரியும். வேப்பிலைச் சாற்றைக் கெட்டியாகக் கலந்தால் தண்ணீரைக் குடிக்காமல் ஒதுங்கிவிடும். வெயில் காலத்தில் அப்படி ஒதுங்குவது, எந்த நோய்க்காக வேப்பிலையைக் கலந்தோமோ அதைவிடப் பெரிய ஆபத்து.

புரதம்: கரையான், அசோலா, கீரை

மேய்ச்சல் போனதும் முதலில் குறைவது புரதம். குருணையும் தவிடும் மட்டும் தின்னும் கோழிக்கு வயிறு நிறையும், சதை வைக்காது, இறகு சரியாக முளைக்காது. குருணையில் புரதம் நூற்றுக்கு 8 பங்கு அளவில்தான் இருக்கும். குஞ்சுக்கு வேண்டியது 20-ஐ ஒட்டி, வளர்ந்த கோழிக்கு 16-ஐ ஒட்டி. இந்த இடைவெளியைப் பழைய காலத்துக் கிராமம் கரையானைக் கொண்டு நிரப்பியது.

முறை எளிது. ஒரு பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், இற்றுப்போன மட்டை, ஓலை ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலையில் பானையைத் தூக்கிக் குஞ்சுகளுக்கு நடுவே கொட்டினால், சில நிமிடங்களில் ஒன்றும் மிஞ்சாது. உலர்நிலையில் கரையானின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புரதம், அதோடு கொழுப்பும் மிகுதி. இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் புறக்கடைக் குஞ்சுகளுக்கு இந்தப் பானை முறையைப் பரிந்துரைக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: கரையான் மருந்து தெளித்த வீடு, தோப்புப் பக்கம் பானையை வைக்கக் கூடாது. அந்த மருந்து கரையானோடு சேர்ந்து குஞ்சின் வயிற்றுக்குப் போய்விடும்.

அடுத்தது அசோலா. தண்ணீரில் மிதக்கும் இந்தச் சிறு பெரணி, தன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசியின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் புரதமாக்கிக்கொள்கிறது. நெல்வயலுக்கு உரமாக அறியப்பட்ட இதைக் கால்நடைத் தீவனமாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரப்பியதில் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் பிரிவுக்குப் பெரிய பங்கு உண்டு. நிழல் விழும் இடத்தில் தார்ப்பாய் விரித்த குழி, சலித்த வண்டல் மண், கரைத்த சாணம், ஒரு சாண் அளவுக்கும் குறைவான தண்ணீர், ஒரு கிலோ விதை அசோலா ஆகியவை போதும். நன்றாக வந்தால் சில நாட்களிலேயே இரட்டிக்கும். இரண்டு வாரத்தில் அறுவடையைத் தொடங்கலாம்.

ஆனால் அசோலாவைப் பற்றிப் பேசும்போது ஒரு கணக்கு விட்டுப்போகிறது. அதில் 20 முதல் 25 சதவீதம் புரதம் என்று சொல்வது, காய்ந்த அசோலாவுக்கு. குழியிலிருந்து அள்ளிய ஈர அசோலாவில் நூற்றுக்கு 93, 94 பங்கு வெறும் தண்ணீர். 100 கிராம் பச்சை அசோலாவில் இருக்கும் புரதம் ஒன்று, ஒன்றரை கிராம்தான். அசோலா போடுகிறோம், புண்ணாக்கு வேண்டாம் என்று முடிவெடுத்த பண்ணையில் கோழி இளைப்பதற்குக் காரணம் இதுவே. அசோலாவின் உண்மையான பயன் அதன் கரோட்டின் நிறமிகளும் தாதுக்களும். மஞ்சள்கரு ஆழ்ந்த நிறம் பெறும். பசுந்தீவனமாக அதை வைத்துக்கொள்ளலாம், புரதத்துக்கு முழுமையாக நம்பியிருக்கக் கூடாது. குழியிலிருந்து எடுத்ததைச் சாண வாடை போகும் வரை நல்ல தண்ணீரில் அலசிப் போடுவதும் அவசியம்.

இந்த விஷயத்தில் வேலியோர முருங்கை அசோலாவை முந்திவிடுகிறது. பச்சை முருங்கைக் கீரை 100 கிராமில் ஆறு கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. அதாவது அதே எடையுள்ள ஈர அசோலாவைப் போல நான்கு மடங்கு. நிழலில் உலர்த்திப் பொடித்தால் அதன் எடையில் கால் பங்கு புரதம். கொத்தாக ஒடித்து, கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் கீரை மண்ணில் மிதிபடாது. வலைக்குள் அடைபட்ட கோழிகளுக்கு அதுவே ஒரு வேலையாகவும் அமையும். வேலையில்லாமல் நெருக்கமாக அடைபட்ட கோழிகள்தான் ஒன்றையொன்று கொத்திப் புண்ணாக்குகின்றன. வேலிமசால், குதிரைமசால், கல்யாணமுருங்கை ஆகியவற்றையும் இப்படியே கொடுக்கலாம்.

எல்லாக் கீரையும் கோழிக்கு ஆகாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நல்ல தீவனமான அகத்தி, கோழிக்குஞ்சுகளுக்கு நச்சாக அமைவதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சவுண்டல் எனும் சூபாபுல் இலையில் உள்ள மைமோசின், அளவு மீறினால் வளர்ச்சியையும் முட்டையையும் குறைக்கும். இவை இரண்டையும் ஆட்டுப்பட்டிக்கே விட்டுவிடுவது நல்லது.

கையால் கலக்கும் தீவனம்

கடைத் தீவனத்தின் விலை ஏறும்போதெல்லாம் வீட்டிலேயே கலந்துகொள்ளலாமா என்ற யோசனை வரும். தாராளமாகக் கலக்கலாம். நடுத்தர வளர்ச்சியில் உள்ள கோழிகளுக்கு 100 கிலோ கலவை இப்படி அமையலாம்: உடைத்த கம்பு அல்லது மக்காச்சோளம் 40 கிலோ, குருணை 15, தவிடு 18, கடலைப் புண்ணாக்கு 16, உப்பிடாத கருவாட்டுத் தூள் 8, தாது உப்புக் கலவை இரண்டரை, சாதா உப்பு அரைக் கிலோ. கம்பை வைத்துக் கணக்கிட்டால் இதில் புரதம் 18 சதவீதத்தை ஒட்டி வரும். வளர்ந்த கோழிக்குப் புண்ணாக்கைக் கொஞ்சம் குறைத்துத் தானியத்தைக் கூட்டலாம். மேயும் கோழிக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் போதும். காலையில் திறந்துவிடும்போது கொஞ்சமும் மாலையில் அடைக்கும்போது மீதியும் வைப்பது வழக்கம். முழுக்க அடைத்து வளர்த்தால் இதைப் போல இரண்டு மடங்காவது வேண்டியிருக்கும்.

கருவாட்டில்தான் கவனம் வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கழிவுக் கருவாடு உப்பில் ஊறியது. கோழியின் சிறுநீரகம் அதிக உப்பைத் தாங்காது. குஞ்சுகள் தண்ணீராகக் குடித்து, வயிறு உப்பி, கழிந்து சாகும். உப்புக் கருவாடுதான் கிடைக்கிறது என்றால், அதை ஊறவைத்து அலசிக் காயவைக்க வேண்டும். கலவையில் தனியாக உப்பும் சேர்க்கக் கூடாது.

தானியத்தை முந்தின இரவே ஊறவைப்பது செலவில்லாத ஒரு மேம்பாடு. தானியத்திலும் தவிட்டிலும் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. கோழியின் வயிற்றில் அந்தப் பூட்டைத் திறக்கும் நொதி மிகக் குறைவு. ஊறும்போதும் முளைக்கும்போதும் தானியத்தின் சொந்த நொதிகள் விழித்து அந்த வேலையைச் செய்கின்றன. தவிட்டை நீராகாரத்திலும் புளித்த கஞ்சியிலும் பிசைந்து வைத்த கிராமத்துப் பழக்கம் இதையேதான் சாதித்தது. பிசைந்ததை அன்றே காலி செய்துவிட வேண்டும்.

பூசணம் பிடித்த புண்ணாக்கு

1960-ல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் புரியாமல் அதற்கு ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். கிருமி எதுவும் சிக்கவில்லை. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. அதில் வளர்ந்திருந்த பூசணம் சுரந்த நஞ்சுதான் கல்லீரலை அழித்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயர் உலகுக்குத் தெரியவந்தது அப்போதுதான்.

நம் ஊரில் மழைக்காலத்து மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் இதே ஆபத்தைச் சுமக்கின்றன. கொஞ்சமாகப் பூத்திருக்கிறது, கோழிக்குத்தானே என்று போடுவதால் கோழி உடனே சாகாது. தீவனம் எடுக்காது, இளைக்கும், முட்டை குறையும், போட்ட தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது. வேகவைத்தாலும் இந்த நஞ்சு எளிதில் அழியாது. பூசணம் பிடித்த மூட்டையைக் குப்பைக்குழிக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குவதும், ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வைக்காததும் எந்த மூலிகையைவிடவும் கல்லீரலைக் காக்கும்.

முட்டை ஓடும் சுண்ணாம்பும்

ஒரு முட்டை ஓட்டின் எடை ஐந்து கிராமை ஒட்டி இருக்கும். அதில் மிகப் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதாவது ஒவ்வொரு முட்டைக்கும் கோழி ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியத்தைத் தன் உடலிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. தீவனத்தில் அது கிடைக்காவிட்டால் தன் எலும்பைக் கரைத்துக் கொடுக்கும். முட்டையிடும் கோழி காலை இழுத்து நடப்பதும், தோல்முட்டை போடுவதும், தன் முட்டையைத் தானே உடைத்துத் தின்பதும் பெரும்பாலும் இந்தப் பற்றாக்குறையின் அறிகுறிகள்.

மருந்து மலிவானது. கிளிஞ்சலை உடைத்து ஒரு தனித் தட்டில் வைத்தால் போதும். தீவனத்தில் கலக்காமல் தனியாக வைப்பதற்குக் காரணம் உண்டு: வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். குஞ்சுக்கும் சேவலுக்கும் அவ்வளவு கால்சியம் தேவையில்லை, அதிகமானால் சிறுநீரகத்துக்குக் கேடு. மாலையில் வைப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் ஓடு உருவாகும் வேலையின் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. வீட்டு முட்டை ஓட்டைக் கொடுப்பவர்கள் அதை வறுத்து, முட்டை என்று அடையாளம் தெரியாதபடி பொடித்துத் தர வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியில் என்ன கலக்கலாம்?

வளர்ந்த கோழி, தின்னும் தீவனத்தின் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் இது இன்னும் கூடும். முட்டைக்குள் இருப்பதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஆகவே தண்ணீரில் எதைச் சேர்ப்பது என்று கேட்பதற்கு முன், தொட்டியின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வழுவழுப்பாக இருந்தால் அது கிருமிப் படலம். அதற்குள் எந்தச் சாற்றை ஊற்றினாலும் வீண். தினமும் தேய்த்துக் கழுவிய தொட்டி, எச்சம் விழாத உயரம், நிழல் ஆகிய மூன்றுமே தண்ணீருக்குச் சேர்க்கக்கூடிய முதல் மருந்துகள்.

பொரித்த குஞ்சு தன் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை வைத்து இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்ப முடிகிறது. அப்படிப் பயணம் செய்து வந்த குஞ்சுகளுக்கு முதல் சில மணி நேரம் வெல்லமோ கருப்பட்டியோ கரைத்த தண்ணீர் தெம்பு தரும். அதற்கு மேல் நீடித்தால் எச்சம் இளகிக் கூளம் ஈரமாகும். ஈரக் கூளம்தான் இரத்தக்கழிச்சலுக்கு வாசல். தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் வைத்தால் குஞ்சு விழுந்து நனையாது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயிலில் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, இரத்தத்தின் கார அமிலச் சமநிலை குலைந்து, முட்டை ஓடும் மெலிகிறது. அந்த நாட்களில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு கலந்து வெயில் உச்சியில் இருக்கும் வேளையில் மட்டும் வைக்கலாம். நெல்லிக்காய்ச் சாறும் பயன்படும். கோழி தன் உடம்பிலேயே வைட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்ளும் பறவைதான், ஆனால் கடும் வெயிலில் அந்தத் தயாரிப்பு தேவைக்குப் போதாமல் போகிறது. நீர்மோரில் உள்ள லாக்டிக் அமிலமும் நல்ல நுண்ணுயிர்களும் குடலுக்கு நல்லவை. மோரை மண்சட்டியிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோதான் ஊற்ற வேண்டும். துத்தநாகம் பூசிய தகரத்தில் ஊற்றினால், புளிப்பு அந்தப் பூச்சைக் கரைத்துவிடும். இவற்றில் எதை வைத்தாலும் பக்கத்தில் வெறும் தண்ணீர்த் தொட்டி ஒன்றும் இருக்க வேண்டும்.

மஞ்சளைப் பலரும் தண்ணீரில்தான் கலக்கிறார்கள். மஞ்சளின் சிறப்பான குர்குமின் தண்ணீரில் கரையாது. தொட்டியின் அடியில் படியும் மஞ்சளில் பெரும்பகுதி கழுவும்போது கொட்டப்படுகிறது. ஒரு கிலோ தீவனத்துக்கு ஐந்து கிராம் மஞ்சள்தூளும் ஒரு சிட்டிகை மிளகுத்தூளும் கலந்து பிசறினால், அது கோழியின் வயிற்றுக்குப் போய்ச் சேரும். பூண்டில் உள்ள அல்லிசின் பல்லை நசுக்கிய பிறகுதான் உருவாகிறது, கொதிக்கவைத்தால் சிதைகிறது. பத்துக் கோழிக்கு இரண்டு பல்லை நசுக்கிச் சில நிமிடம் வைத்திருந்து, தீவனத்திலோ தண்ணீரிலோ கலந்து அன்றே தீர்த்துவிட வேண்டும். வாரத்துக்கு ஓரிரு நாள் போதும். வெங்காயத்தைத் தினமும் அள்ளிப் போட்டால் கோழிகளுக்கு இரத்தச் சோகை வரக்கூடும்.

மூலிகையின் எல்லை

கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலக்கும் வழக்கத்துக்கு ஸ்வீடன் 1986-லும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006-லும் தடை போட்டன. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கால்நடைத் தீவனத்தில் சேர்க்க இந்தியா 2019-ல் தடை விதித்தது. அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்ற தேடல்தான் பூண்டு, மஞ்சள், சீரகம், துளசி போன்றவற்றை உலக ஆய்வுக்கூடங்களுக்குள் கொண்டுசென்றது.

தமிழ்நாட்டில் இந்த அறிவை முறைப்படுத்தியதில் தஞ்சாவூர் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையத்தின் பணி முக்கியமானது. பேராசிரியர் புண்ணியமூர்த்தி அங்கிருந்து மரபுசார் கால்நடை மூலிகை மருத்துவத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றார். கோழிகளுக்குச் சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றை அரைத்துக் குருணையில் கலந்து கொடுக்கும் உருண்டை, இந்தப் பரிந்துரைகள் வழியாகவே பரவலாயிற்று. இது வீட்டு அஞ்சறைப்பெட்டியில் முடிந்துவிடும் செலவு. தீவனம் எடுக்காமல் சோர்ந்த கோழிக்குப் பசியைத் தூண்டவும், நோய் பரவும் காலத்தில் துணையாகவும் இது உதவும்.

பஞ்சகவ்யத்தைப் பயிருக்கு மட்டுமின்றிக் கோழிக்கும் கொடுக்கிறவர்கள் உண்டு. கொடுமுடி மருத்துவர் நடராஜன் வழியாகத் தமிழ்நாட்டில் பரவிய இதைக் கோழிக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிலிட்டர் அளவில் தண்ணீரில் கலக்கச் சொல்வார்கள். சாணமும் கோமியமும் சேர்ந்த பொருள் என்பதால், சரியாக நொதிக்காத பஞ்சகவ்யம் நோய்க்கிருமியைச் சுமந்து வரும். நோயில்லாத மாட்டிலிருந்து எடுத்து, முழுமையாக நொதித்ததைத் தவிர வேறெதையும் குடிதண்ணீருக்கு அருகில் கொண்டுவரக் கூடாது. குஞ்சுகளுக்கு வேண்டவே வேண்டாம்.

வெள்ளைக்கழிச்சலுக்கு முன்னால்

மேலே சொன்ன அத்தனையையும் சரியாகச் செய்த பண்ணையையும் ஒரே வாரத்தில் காலி செய்யும் நோய் ஒன்று இருக்கிறது. 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டு, அதையொட்டி இந்தியாவில் இமயமலைப் பகுதியில் உள்ள ராணிகேத்தில் அடையாளம் காணப்பட்டதால் ராணிகேத் நோய் என்று பெயர் பெற்றது. ஊர்க்காரர்கள் சொல்வது வெள்ளைக்கழிச்சல். கழுத்து திருகி, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கூட்டில் இருப்பதெல்லாம் வரிசையாகச் சாகும். இது வைரஸ் நோய். வந்த பிறகு குணமாக்கும் மருந்து ஆங்கில மருத்துவத்திலும் இல்லை, மூலிகையிலும் இல்லை. தடுப்பூசி மட்டுமே உண்டு.

பொதுவாக ஏழாம் நாளில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மறுமுறை, எட்டாம் வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி என்பதே முறை. தண்ணீரில் கலந்து கொடுக்கும் தடுப்பூசியாக இருந்தால், அதில் இருப்பது உயிருள்ள வைரஸ் என்பதை மறக்கக் கூடாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் அதைக் கொன்றுவிடும். தடுப்பூசி நாளன்றும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு நாளும் மஞ்சள், பூண்டு, வேப்பிலை என்று எதையும் தண்ணீரில் கலக்காமல், வெறும் கிணற்றுத் தண்ணீரையே வைக்க வேண்டும். கொழுப்பு நீக்கிய பால்பொடியைச் சிறிது கரைப்பது தடுப்பூசியைக் காக்கும்.

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இரு வாரம் நடத்துகிறது. கால்நடை மருந்தகங்களிலும் இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள், பல இடங்களில் சனிக்கிழமைகளில். கரையான் பானையும் முருங்கைக் கொத்தும் கிளிஞ்சல் தட்டும் வீட்டிலேயே தயாராகிவிடும். இந்த ஊசிக்கு மட்டும் கோழிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு மருந்தகம் வரை போக வேண்டும். அடுத்த முகாம் எப்போது என்பதை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் இந்த வாரமே கேட்டு வையுங்கள்.